ஈ ஓட்டிய தையற்காரர்

இலையுதிர் காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, தையற்காரர் கட்டிய பொய் ஈ ஒன்று மேசையிலிருந்து எழுந்து ஜன்னல் வழியே ஏரிப் பக்கம் பறந்துபோனது. தூண்டில் முள்ளில் சேவல் இறகை வைத்துத் தையல் நூலால் சுற்றிய ஈ அது. டிரவுட் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும். பறப்பதெல்லாம் அதன் வேலையே இல்லை. எதிரே ரெடிமேட் கடை வந்ததிலிருந்து சட்டை தைக்க ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காததால், அவர் இவற்றைக் கட்டி விற்கத் தொடங்கியிருந்தார். “சும்மாவே ஈ ஓட்டிக்கிட்டிருந்த கடை, இப்போ ஈயும் ஓடிப்போச்சா!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன், பட்டன் தொழிற்சாலைக்காரர், கெடு வைத்திருந்தார்: வாசல் மரத்தின் கடைசி இலை விழுவதற்குள் வியாபாரம் சூடுபிடிக்காவிட்டால், லாரியோடு வந்து இருவரையும் தன் ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த ஊரில் ஏரி கிடையாது. தையற்காரரோ இலையுதிர் காலம் தவறாமல் இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று தூண்டில் வீசுகிறவர்.

போன ஈ மறுநாள் திரும்பி வந்தது, இரண்டு கிலோ டிரவுட் ஒன்றைக் கவ்வவைத்துக்கொண்டு, கூரை உயரத்தில். தபால்காரர் தலையைக் குனிந்து வழிவிட்டார். அந்த வாரம் பதினொரு மீன்கள் அப்படி வந்தன, எல்லாமே நல்ல ருசி. ஆனால் முதல் ஆளாக ஒரு ஈயை வாங்கிய பல் டாக்டர் மூன்றாம் நாளே அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். “மீன் தானா வீட்டுக்கு வந்துட்டா, நான் என்ன சாக்கு சொல்லி வெளிய கிளம்புறது? குடும்பத்துல குழப்பம் பண்ணாதீங்க சார்!” என்றார். ஊரிலுள்ள தூண்டில்காரர் அத்தனை பேருக்கும் அதே பயம். ஒருவரும் வாங்கவில்லை. மரம் பாதி மொட்டையாகிவிட்டது.

தையற்காரர் ஈ கட்டுவதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து, மனைவிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்ததும் அவர் ‘ஃபூ’ என்று ஊதினார். “ஏங்க, சட்டையில ஊதுனா பிசிறு பறக்கும். இதுல ஊதுனா இதுவே பறக்குது!” ஊதாமல் கட்டிப் பார்த்தார், ஈ தண்ணீரில் செத்துக் கிடந்தது, மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊதினாலோ பறந்தது. கடைசியில் அவள் அவர் வாயில் ஒரு கைக்குட்டையைக் கட்டிவிட்டாள். பாதி மூச்சுதான் வெளியே வந்தது. பாதி மூச்சு வாங்கிய ஈ எங்கும் போகாமல், நீர்மேல் துடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. பல் டாக்டர் அதை எடுத்துப்போய் நாள் முழுக்க ஏரியில் நின்றார். மூன்று பிடித்தார், ஐந்தைத் தவறவிட்டார், ஆறாவதைப் பற்றி வாய்கூசாமல் பொய் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வரிசை ரெடிமேட் கடை வாசல்வரை நின்றது.

கடைசி இலை லாரியின் கண்ணாடிமேல்தான் விழுந்தது. அண்ணன் இறங்கி, கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தார். “என்ன மாப்ளே, இன்னும் ஈதான் ஓட்டிக்கிட்டிருக்கீங்களா?” வாய்க்கட்டோடு இருந்த தையற்காரர் மனைவியைக் கைகாட்டினார். அவர் தும்மிவிட்டதால் கிளம்பிவிட்ட நாலைந்து ஈக்களை மனைவி துண்டால் விரட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். “ஆமாண்ணே, ஓட்ட ஆளு பத்தல. அங்க இருக்கிற இன்னொரு துண்டை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க!”

அண்ணன் வரிசையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துண்டை எடுத்தார். அப்போது கூரை உயரத்தில் ஒரு டிரவுட் வந்துகொண்டிருந்தது.

“ஜன்னலை நல்லாத் தொறந்து வைம்மா,” என்றார். “மீன் இடிச்சுக்கப் போகுது.”