இல்லையென்று சொல்லப் போனவர்

மயில்வாகனம் மோட்டார்சைக்கிளை முற்றத்துக்கு உருட்டி வந்து, அதன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, "உமக்கு வேலை இல்லைத் தம்பி" என்று சொல்லிப் பார்த்தார். செத்தவீட்டுக்குப் போகிறவரின் முகம்போல இருந்தது. கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

குசினி வாசலில் நின்ற மனைவி பத்மாசனி இரண்டையும் பார்த்துவிட்டார். "கண்ணாடிக்கே சொல்ல ஏலாமல் கிடக்கு. மூண்டு வீட்டிலை என்னெண்டு சொல்லப்போறியள்?"

"சொல்லுவன். நீர் அந்த வாழைப்பழத்தைக் கொண்டாரும்."

"வேலை இல்லையெண்டு சொல்லப்போற வீட்டுக்கு என்னத்துக்கு வாழைப்பழம்?"

"பின்னை, வெறுங்கையோடையே ஒரு வீட்டுக்குப் போறது?"

பத்மாசனி கதலிச் சீப்புகள் மூன்றைப் பையில் போட்டு, பையைக் கைபிடியில் கொழுவிவிட்டார்.

முள்ளியவளையில் மாடு வைத்திருக்கும் அறுபது குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற பால் சங்கத்துக்கு மயில்வாகனம் தலைவர். பத்மாசனி பொருளாளர். பால் எடுக்கும் நிலையத்தைப் பொறுப்பாய்ப் பார்க்க ஒருவர் வேண்டுமென்று பேப்பரில் விளம்பரம் போட்டார்கள். போன கிழமை நாலு பேர் நேர்முகப் பரீட்சைக்கு வந்தார்கள். சங்கம் தொடங்கி இதுதான் முதல் நேர்முகம். கேள்வி கேட்கப் போகிற பதற்றத்தில் தலைவர் முதல்நாள் இரவு நித்திரை கொள்ளவில்லை. பதில் சொல்ல வந்த பிள்ளைகள் நாலு பேரும் அவரைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

சோதனை பத்மாசனியின் யோசனை. தண்ணீர் கலந்த பால் ஒரு கிளாஸ் எடுத்து, வந்த ஒவ்வொருவர் முன்னாலும் தன் கையாலேயே வைத்து, "எப்பிடியிருக்கெண்டு சொல்லுங்கோ பிள்ளை" என்று கேட்டார். தண்ணீரூற்றிலிருந்து வந்த ஜனகன் முழுவதையும் குடித்து, வாயைத் துடைத்து, "நல்ல பால் அம்மா" என்றான். ஒட்டுசுட்டான் தயாளினி, "எங்கட வீட்டுப் பால்போலவே இருக்கு" என்றாள். புளியங்குளத்துக் கிருசாந்தி ஒரு மிடறு குடித்து, ஒருகணம் நின்று, மிச்சத்தையும் குடித்து, "நல்லாயிருக்கம்மா" என்றாள். முல்லைத்தீவு றிஸ்பா ஒரு சொட்டை எடுத்துப் பெருவிரல் நகத்தில் விட்டுச் சரித்துப் பார்த்தாள். சொட்டு நிற்காமல் வழிந்து ஓடியது. "இதிலை தண்ணி இருக்கு. நான் பொறுப்பிலை இருந்தால் இந்தப் பாலை எடுக்கமாட்டன்" என்றாள். வேலை றிஸ்பாவுக்குத்தான் என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. வாற திங்கட்கிழமை அவள் வந்து பொறுப்பேற்கப்போகிறாள்.

மயில்வாகனத்தை மாட்டிவிட்டது கிருசாந்தி கேட்ட ஒரு கேள்வி. நேர்முகம் முடிய, "நீர் ஏதும் கேக்கிறதெண்டால் கேளும் பிள்ளை" என்றார். "ஒண்டுதான் ஐயா. இல்லையெண்டாலும் சொல்லுவியளோ?" என்றாள். இதற்குமுன் பதினொரு இடத்தில் நேர்முகத்துக்குப் போனாளாம். பதினொரு இடத்திலும் "அறிவிப்போம்" என்றார்களாம். இன்றுவரை ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம்.

மயில்வாகனத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது. "நாங்கள் அப்பிடியான ஆக்களில்லை. வேலை கிடைக்காத ஒவ்வொருத்தருக்கும் வீட்டை வந்து சொல்லுவன்" என்று சொல்லிவிட்டார். இளகிய நெஞ்சுக்காரர், அவரைக் குறை நினைக்கக் கூடாது. அறுபத்தேழு வயதுக்குள் ஒருவர் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொன்ன பழக்கம் தனக்கு இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சீட்டுக் கேட்டு வந்தாலும், சைக்கிள் இரவல் கேட்டு வந்தாலும் அவர் "பாப்பம்" என்பார். பிறகு பத்மாசனி போய் இல்லையென்று சொல்லிவிட்டு வருவார். இந்த முறை பத்மாசனி மறுத்துவிட்டார். "வாக்குக் குடுத்தது நீங்கள்."

தண்ணீரூற்றில் ஜனகன் வீட்டுப் படலையில் நின்று ஹோர்ன் அடித்தபோது காலை ஒன்பது மணி. தாய் எட்டிப் பார்த்தார். சங்கத் தலைவரைப் பார்த்தார், அவர் கையில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். "தம்பி, ஐயா வந்திருக்கிறார், பழத்தோடை" என்று உள்ளே கூப்பிட்ட குரல் பக்கத்து வளவு வரை கேட்டது. பழத்தோடு வந்து கெட்ட செய்தி சொன்னவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. தட்டில் வடையும் வந்தது.

"அது வந்து..." என்று தொடங்கினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம் ஐயா. வீடு தேடி வந்திட்டியள். அதுவே காணும்" என்றார் தாய். கண் கலங்கிவிட்டது அந்த மனுசிக்கு.

ஜனகன் முல்லைத்தீவில் ஒரு ரயர் கடையில் பின்னேர வேலைக்கு நிற்கிறான். "முதலாளி நாலு மணிக்குத்தான் கடைக்கு வருவார் ஐயா. இண்டைக்கே அவரிட்டைச் சொல்லிப்போட்டு விலகுறன்" என்றான்.

"அவசரப்படாதையும்" என்றார் மயில்வாகனம். அதற்கு மேல் வாயில் வடை இருந்தது.

புறப்படும்போது தாய் ஒரு சேவலின் காலைக் கட்டி, பையில் போட்டு, கைபிடியில் கொழுவிவிட்டார். சேவல் தலையை மட்டும் வெளியே நீட்டி, வழி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டு வந்தது.

ஒட்டுசுட்டானில் தயாளினி வீட்டில் இன்னும் கஷ்டம். அங்கே அவர் பழத்தை மோட்டார்சைக்கிளிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடுதான் உள்ளே போனார். ஆனால் கைபிடியில் தொங்கிய சேவலைத் தங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று தயாளினியின் தாய் நினைத்துவிட்டார். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கனடாவிலிருக்கும் மகனுக்குப் போன் எடுத்து, "மாமாவோடை கதையுங்கோ" என்று போனைத் தலைவரின் கையிலேயே கொடுத்தார். கனடாத் தம்பி நாலுதரம் நன்றி சொன்னான். மயில்வாகனம் நாலுதரமும் "அதுக்கென்ன" என்றார். திரும்பும்போது பின்சீற்றில் ஒரு பலாப்பழம் கட்டியிருந்தது.

நெடுங்கேணி கடந்து புளியங்குளத்துக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கிருசாந்தி வீதியோரம் நெல்லுக் காயவிட்டுக்கொண்டு, குடை பிடித்தபடி ஒரு கல்லில் இருந்தாள். ஒரு கையில் காகம் கலைக்கும் தடி. மடியில் வேலைவாய்ப்புப் பக்கம் மடித்த பேப்பர். மோட்டார்சைக்கிளையும் அதில் தொங்கிய சேவலையும் கட்டியிருந்த பலாப்பழத்தையும் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"சேவல் எங்காலை ஐயா?"

"ஜனகன்ரை தாய் தந்தவா."

"அப்ப அவருக்கோ வேலை?"

"இல்லை."

"பலாப்பழம்?"

"தயாளினி வீட்டிலை."

"அவவுக்கோ?"

"அவவுக்கும் இல்லை."

கிருசாந்தி தடியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் ஐயா சேவல்?"

மயில்வாகனம் தலைக்கவசத்தைக் கழற்றி, அதற்குள் பார்த்தார். பதில் அதற்குள்ளும் இல்லை. பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். ரயர் கடையையும் நாலு மணியையும் சொன்னார். அவள் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் குடையால் முகத்தை மறைத்தாள். சிரித்து முடிய, குடையை நிமிர்த்தி, "சரி, எனக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

"உமக்கும்... இல்லைப் பிள்ளை. றிஸ்பாவை எடுத்திருக்கிறம்."

ஒரு காகம் இறங்கி நெல்லைக் கொத்தியது. இன்னொன்றும் இறங்கியது. அவள் தடியை எடுக்கவில்லை. எவ்வளவு எதிர்பார்த்திருந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஏனெண்டு சொல்லுவியளோ?"

"அந்தப் பால். அதிலை தண்ணி கலந்திருந்தது. றிஸ்பா நகத்திலை விட்டுப் பாத்துச் சொன்னவா."

"தெரியும் ஐயா. முதல் மிடறிலையே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"அம்மா தன்ரை கையாலை கொண்டுவந்து வைச்சவா. வந்த இடத்திலை, தந்த பாலைத் தண்ணியெண்டு என்னெண்டு சொல்லுறது?"

மயில்வாகனம் சேவலைப் பார்த்தார். சேவலும் அவரைப் பார்த்தது.

"பிள்ளை, நான் சங்கத்திலை இன்னொருக்கால் கதைச்சு..."

"ஐயா. இப்பதான் இல்லையெண்டு சொன்னனீங்கள். அதைக் கெடுத்துப்போடாதேங்கோ."

கிருசாந்தி எழும்பிக் காகங்களைக் கலைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு பைல் கொண்டுவந்தாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிப் பதினொரு இடங்களிலிருந்து வந்த பதினொரு கடிதங்கள் அதில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் சங்கத்தின் கடிதம். "இதுக்குப் பின்னாலை வைக்க ஒரு மறுமொழி எழுதித் தாங்கோ. ஒண்டாவது முடிஞ்சதெண்டு இருக்கட்டும்."

பைலை மோட்டார்சைக்கிள் சீற்றில், பலாப்பழத்துக்கு முன்னால் வைத்து, மயில்வாகனம் அரைப் பக்கம் எழுதினார். தூரத்திலிருந்து வந்ததற்கு நன்றி எழுதினார். அவளின் படிப்பைப் பாராட்டினார். சங்கத்தின் வரலாற்றைக்கூடக் கொஞ்சம் எழுதினார். அவள் வாங்கி வாசித்தாள்.

"நல்லாயிருக்கு. ஆனால் வேலை இல்லையெண்டதைக் காணேல்லை."

திரும்ப வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார். அவள் அதை இரண்டுதரம் வாசித்து, மடிக்காமல் பைலுக்குள் வைத்தாள். புதன்கிழமை கிளிநொச்சியில் இன்னொரு நேர்முகம் இருக்கிறதாம்.

"அங்கை பால் தந்தால்?" என்றார் மயில்வாகனம்.

"நகத்திலை விட்டுப் பாப்பன்" என்றாள்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. அவர் தலைக்கவசத்தை மாட்டும்போது, "ஐயா, ஒண்டு சொல்லட்டோ?" என்றாள். "கதிரையிலை இருக்காதேங்கோ. கதிரையிலை இருந்தால் தேத்தண்ணி வரும். தேத்தண்ணி குடிச்சால் பிறகு சொல்லேலாது. படலையிலை நிண்டபடி சொல்லுங்கோ. முதல் வசனத்திலையே சொல்லுங்கோ."

"சரி பிள்ளை."

"கொஞ்சம் இருந்து, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."

கால் ஸ்ராண்டைத் தட்டப்போனவர் நின்றார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வேண்டாம் பிள்ளை" என்றார்.

"பாத்தியளே. சொல்ல வருது" என்றாள்.

மிஞ்சிய இரண்டு கதலிச் சீப்புகளையும் அங்கேயே கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஒட்டுசுட்டானில் படலைக்கு வெளியே நின்று, இயந்திரத்தைக்கூட நிறுத்தாமல், "தங்கச்சி, தயாளினிக்கு வேலை இல்லை. காலமை சொல்லாமல் போனது என்ரை பிழை" என்று ஒரே மூச்சில் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் தாய்க்குக் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தரம் சொல்வதுதான் கூடக் கஷ்டம். தயாளினி தாய்க்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி மாமா" என்று சொல்லி உள்ளே போனாள். மயில்வாகனம் பலாப்பழத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனபோது தாய் தடுத்தார்.

"அது கிடக்கட்டும். குடுத்ததை நாங்கள் திருப்பி வாங்குறேல்லை. கனடாவுக்கு மட்டும் நீங்களே போன் எடுத்துச் சொல்லிப்போடுங்கோ."

வீதியோரம் பாலை மரத்துக்குக் கீழே நின்று கனடாவுக்கும் சொன்னார். அங்கே விடிந்திருக்கவில்லை. நித்திரையில் இருந்த தம்பி, "அதுக்கென்ன மாமா" என்றான்.

தண்ணீரூற்றுக்கு வந்தபோது மூன்றே கால். ஜனகன் முழுகி, மடிப்புக் கலையாத சேட்டுப் போட்டு, சைக்கிளைப் படலைக்கு வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். மயில்வாகனம் மோட்டார்சைக்கிளைக் குறுக்கே விட்டு இறங்கி, சைக்கிளின் கைபிடியைப் பிடித்தார்.

"தம்பி, கடையிலை விலகாதையும். வேலை உமக்கு இல்லை."

ஜனகன் சைக்கிள் மணியில் விரலை வைத்தபடி அப்படியே நின்றான். முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த தாய்க்கு இது கேட்கவில்லை. தலைவரைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, காலையில் போட்ட அதே கதிரையைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி படலைக்கு வந்தார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்து, அவருக்கு நேரே வைத்தார்.

"இருங்கோ ஐயா. தேத்தண்ணிக்கு வைச்சிட்டு வாறன்."

"அம்மா, நில்லுங்கோ" என்றார் மயில்வாகனம். ஐம்பது மைல் ஓடிய முதுகு அந்தக் கதிரையைக் கண்டதும் தன்பாட்டில் வளையப் பார்த்தது. இரண்டு கையாலும் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு ஏதோ நினைத்தவராய்க் குனிந்து, சேவலைப் பையிலிருந்து எடுத்து, கால்கட்டை அவிழ்த்து, நிலத்தில் விட்டார். சேவல் இறகை ஒருதரம் உதறியது. தாயைக் கடந்து, முற்றத்து மூலையில் கிடந்த குப்பைக் குவியலுக்குப் போய்க் கிளறத் தொடங்கியது. தாய் சேவலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. போவதா நிற்பதா என்று அதற்கே தெரியவில்லை. மயில்வாகனம் கதிரையைப் பிடித்தபடி, இருக்காமல், முதல் வசனத்துக்காக மூச்சை இழுத்தார்.