கால் கிராம் குளுக்கோஸ்

கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசுக்காரர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளர். எந்தக் கடைக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனதில்லை. ஊரே தன் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறது என்பது அவருடைய இருபத்திரண்டு வருட நம்பிக்கை. அதில் பாதி உண்மையும் இருந்து தொலைத்ததால் மனிதரைத் திருத்தவே முடியவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் பெண்ணுக்குக் கவனக்குறைபாடு, தினமும் காலையில் ஒரு மாத்திரை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னால் என்ன ஆகும்? ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஒன்பது வயதுப் பெண் ஓடாமல் ஆடாமல் வேறென்ன செய்வாள் என்றார். ரத்தத்திலும் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது, அது என்ன வியாதி என்றார். வகுப்பை அடக்கத் துப்பில்லாத டீச்சரும் டாக்டரும் மருந்துக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

மனைவி மசியவில்லை. மகள் பாதியில் விட்ட நோட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவர் முன்னால் போட்டாள். இப்படியே போனால் அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பள்ளிக்கூடமும் கையை விரித்தது. கடைசியில் தராசுக்காரர் இறங்கி வந்தார். ஆனால் மாத்திரையை நான்தான் கொடுப்பேன் என்று ஒரு நிபந்தனை போட்டார். மனைவி அதைப் பாசம் என்று நினைத்தாள், பாவம்.

வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் ஒரு தாள் அனுப்புவாள். உட்கார்வது, கேட்பது, எழுதி முடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துக்கு ஒரு மதிப்பெண். மாத்திரை தொடங்கும் முன் மூன்று. இரண்டே மாதத்தில் எட்டு. மனைவி அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த எட்டு அவரைப் பார்த்துச் சிரித்தது.

அவர் பொறுத்தது ஒரு வாரம். பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு, நகைக்கடை எடைகளைச் சோதிக்கும் நுண்தராசின் முன்னால் உட்கார்ந்தார். பதினைந்து கேப்ஸ்யூல் மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். மருந்துத் தூளைக் கொட்டிவிட்டு, கால் கிராம் குளுக்கோஸ் நிறுத்துப் போட்டு மூடினார். ஒன்றில்கூட ஒரு மில்லிகிராம் ஏறவில்லை, இறங்கவில்லை. பெற்ற பெண்ணை ஏமாற்றுவதிலும் அளவு சுத்தம்.

பள்ளி நாளுக்கு ஒன்றாக அவை மூன்று வாரத்துக்கு வந்தன. முதல் வாரம் எட்டு. இரண்டாவது வாரமும் எட்டு. மூன்றாவது வாரம் ஒன்பது என்று எழுதி, கீழே 'மருந்து நன்றாக வேலை செய்கிறது' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள் டீச்சர். தராசுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பெண் சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போவதைப் பற்றி மனைவி இரண்டு முறை சொன்னாள். அது அவர் காதில் ஏறவே இல்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையின் அறையில் எல்லாரையும் உட்கார வைத்தார். குழந்தை வெளியே இருக்கட்டுமே என்றார் தலைமை ஆசிரியை. அவளும் கேட்கட்டும் என்று பிடிவாதமாக மகளை அருகில் இருத்திக்கொண்டார். மூன்று தாள்களையும் மேஜையில் பரப்பி, இதெல்லாம் உங்கள் கையெழுத்துதானே என்று டீச்சரிடம் உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"மூணு வாரமா இவ முழுங்கினது இந்த குளுக்கோஸ்தான். மருந்து வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கீங்களே, எந்த மருந்து?"

டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. தலைமை ஆசிரியை தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவரை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவர் யாரையும் பிடித்ததில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஒண்ணுமே இல்லம்மா. மருந்தே இல்லாமத்தான் ஒன்பது வாங்கியிருக்க."

அவள் சிரிக்கவில்லை. "அதுல மருந்து இல்லையாப்பா?" என்று கேட்டாள். பிறகு சட்டையின் முழுக்கையை முழங்கை வரை ஏற்றினாள். உள்பக்கம் முழுக்க நகக்குறிகள். பழசு கறுத்திருந்தது, புதுசு சிவந்திருந்தது.

"எழுந்துக்கணும்போல இருக்கிறப்பல்லாம் கிள்ளிக்கிட்டேன். ஜன்னல் பக்கம் பார்வை போனாலும் கிள்ளிக்கிட்டேன். மருந்து சாப்பிட்டும் எனக்கு அடங்கவே இல்ல. அப்போ நான்தான் ரொம்ப மோசம்னு நெனச்சேன்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வாரமாக அந்தக் கைகள் அவள் கண்ணெதிரே மேஜைக்கடியில்தான் இருந்தன. பத்துக்கு ஒன்பது போட்டிருந்தாள். தராசுக்காரர் மகளின் கையைத் தொடப் போனார். பெண் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு எழுந்து, மேஜையைச் சுற்றி அம்மாவிடம் போனாள்.

"அம்மா, நாளையிலேர்ந்து மாத்திரையை நீ குடு."