பீலிக்குக் கட்டிய தோரணம்

மலைநாட்டின் நீர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய செய்தி: பைன் மரங்கள் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றனவா, இல்லையா என்பதைத் தீர்த்துவைக்க, கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் குழு, பன்விலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு எழுந்தருளப் போகிறது!

கோயில் வாசலில் நின்று இதை அறிவித்தவர் தோட்டத் தலைவர் வீரய்யா. பெட்டிஷன் மேல் பெட்டிஷன் போட்டவரும் அவர்தான்.

லயத்துக்கே குடிதண்ணீர், மலை ஊற்று குழாய் வழியே வந்து விழும் பீலிதான். அந்தப் பீலிக்கு மேலே இருந்த காட்டை வெட்டிவிட்டுப் பைன் வைத்திருந்தார்கள். மரம் வளர வளர பீலி மெலிந்தது. ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை நடந்து முடிந்து சமாதானமும் ஆகிவிடும். காத்திருக்க முடியாதவர்கள் லயத்துக்குக் கீழே அழுக்குத் தண்ணீர் ஓடும் கானில் அள்ளினார்கள். வீரய்யாவின் மருமகள் கமலமும் அள்ளினாள். மூத்த பேரன் வயிற்றோட்டத்தில் போய்விட்டான். இளையவள் இப்போதுதான் தவழ்கிறாள். மலையுச்சியில் ஒரு துண்டுக் காடு மிச்சம். மரத்தால் கெடுதி என்று குழு எழுதினால் அது தப்பும். இல்லையென்றால் அங்கேயும் பைன்தான்; பீலியை மறந்துவிட வேண்டியதுதான்.

பேரனைப் புதைத்த பக்கம் வீரய்யா போவதே இல்லை. ஆனாலும் குழு வருகிறது என்றதும் அவருக்கு வந்த கவலை வேறு.

"எம்புட்டுப் பெரிய மனுசங்க வாறாங்க! பீலி இப்படி மூக்கொழுகுற மாதிரி ஒழுகினா நம்ம தோட்டத்தப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

"உள்ளதத்தான் நெனைப்பாங்க மாமா. அதுக்குத்தானே வாறாங்க," என்றாள் கமலம்.

"நீ சும்மா இரு புள்ள. விருந்தாளிய வெறும் பீலிக்கா கூட்டிக்கிட்டுப் போறது?"

முந்தின நாள் முழுவதும் ஆண்கள் ஊற்றடியில் கல்லும் சேறும் வாழைமட்டையும் போட்டு அணை கட்டினார்கள். பீலிக்கு மாவிலைத் தோரணம் கட்டினார்கள். மறுநாள் ஜீப் சத்தம் கேட்டதும் மேலே காவல் நின்ற கறுப்பையா அணையை உடைத்துவிட்டான்.

பீலி பொங்கி விழுந்தது. தினமும் அங்கே தவம் கிடந்த பெண்களே வாயைப் பிளந்தார்கள். வீரய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழுத் தலைவர் இராமநாதனுக்கு மாலை போட்டார்.

இராமநாதன் வாளியை வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு கண்டியிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் குடித்தார்.

"அருமையான நீரோட்டம். மரத்தால ஒரு பாதிப்பும் இல்லை. உச்சியிலயும் தாராளமா நடலாம்."

கைதட்டத் தூக்கிய கைகள் வீரய்யாவுக்கு அப்படியே நின்றுவிட்டன. இடுப்பில் குழந்தையோடு கமலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா... இது நெசத் தண்ணி இல்லீங்க. நாங்க கட்டிவச்சுத் தொறந்து விட்டது."

"எதுக்கு?"

"ஒரு மரியாதைக்குங்க."

இராமநாதன் சிரித்தார். "பெரியவர், மரம் வைக்க விருப்பமில்லையென்றா நேராச் சொல்லுங்க. நான் கண்ணால கண்டதத்தான் எழுதுவேன்."

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுங்கய்யா. தன்னால நின்னுரும். அதையும் கண்ணால பாத்துட்டுப் போங்க."

"கண்டியில சாப்பாடு ஆறிப்போகும்."

குழு ஏறியது. திருவிழாவில் தோட்டத்துத் துரைக்கே குனியாத வீரய்யா, ஜீப்புக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். பேரன் செத்ததைச் சொல்ல வாயெடுத்தார். டிரைவர் ஹோர்ன் அடித்தான். யாரோ அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள்.

ஜீப் வளைவில் மறைந்தது. தோரணத்துக்குக் கீழே பீலி மெலிந்தது, நூலானது, சொட்டாகி நின்றது.

கமலம் குடத்தை எடுத்துக்கொண்டு கானுக்குப் போனாள்.