எடைமேடையின் உள்கம்ப்யூட்டர்

டிக் அடித்து முடித்த பிறகுதான் சாலம்மாளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிற சவ்வரிசி ஆலையில் எடைமேடை அவள் பொறுப்பு. எடை போடும் சாஃப்ட்வேர் பழசு, விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோய்ப் புதுசு வந்தபோது, அதில் ஓடமாட்டேன் என்றது. சேலத்து என்ஜினியர் வந்து, புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, திரையில் ஒரு ஜன்னலில் பழைய எக்ஸ்பியை ஓட வைத்துவிட்டுப் போனார். வெளியே ஒரு கம்ப்யூட்டர், உள்ளே ஒரு கம்ப்யூட்டர். எடையெல்லாம் உள்ளே இருப்பதில்தான் ஏறும்.

"இன்னாம்மா, உன் கம்ப்யூட்டரு முழுவாம இருக்குதாமே?" என்று டிராக்டர்காரர்கள் கேலி பேசுவார்கள்.

"ஆமா, பிரசவச் செலவு உன்னுது" என்று இவளும் திருப்பிக் கொடுப்பாள்.

திங்கட்கிழமை வந்த என்ஜினியர், உள்கம்ப்யூட்டர் அன்றைக்கு இருந்த நிலையை அப்படியே பிடித்து வைத்திருப்பதாகவும், ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இன்றைக்கு வியாழன். காலையில் உள்கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிட்டது. வெளியே பதினோரு டிராக்டர், ஓயாத ஹாரன். பதற்றத்தில் திரையில் இருந்த அந்த ஜன்னலை மூடப் போனாள். பிடித்து வைத்த நிலைக்குத் திரும்பவா என்று கீழே ஒரு கட்டம் கேட்டது. டிக் அடித்தாள். மறுபடி திறந்தபோது குதிரை மாதிரி ஓடியது. ஆனால் திங்களுக்குப் பிறகு ஏற்றிய ஒன்றும் அதில் இல்லை.

போனில் என்ஜினியர், "போனது போனதுதாம்மா" என்று வைத்துவிட்டார்.

மற்ற வண்டிகளுக்குச் சீட்டு நகல் இருந்தது, பார்த்து ஏற்றிவிடலாம். ஒரே ஒரு வண்டிக்கு இல்லை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி கொண்டுவந்த சடையன், லோடோடு எடை போட்டுவிட்டுக் கொட்டப் போயிருந்தார். காலி வண்டியையும் போட்ட பிறகுதான் சீட்டு வரும். கொட்டிய கிழங்கோ ஊர்க்கிழங்கோடு கலந்து தோலுரிக்கப் போய்க்கொண்டிருந்தது.

லோடோடு போட்ட எடை அவளுக்குத் தெரியும். 9860 கிலோ. உறைந்த திரையில் அந்த எண் பத்து நிமிஷம் அவளையே முறைத்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் அரங்கநாதன் உள்ளே வந்தார். "இன்னா லேட்டு?"

"சிஸ்டம் கோளாறு சார். மலைவண்டி எடை மட்டும் ஏறல."

"லோடோட ஒம்போது டன்னுனு போடு. அவன் இன்னா தராச இடுப்புல சொருவிக்கினா வந்தான்?"

எண்ணைச் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார். அழித்தது யார் என்று வெளியே வரும். இவளுக்கு முன்னால் இருந்தவனை ஒரு சீட்டு தப்பாக அடித்ததற்கே துரத்திவிட்டார்கள். அம்மா முப்பது வருஷமாகக் கரும்பு வெட்டுகிறாள். அந்த வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய முதலில் நாற்காலி கிடைத்தது இவளுக்குத்தான்.

சடையன் காலி வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு அறை ஜன்னலுக்கு வந்தார். புருவம் வரைக்கும் செம்மண்.

"எம்மாம் வந்துச்சு தங்கச்சி? வூடே சேந்து ரெண்டு நாளா புடுங்கனது. எம் பொண்டாட்டிக்கு இடுப்பு நிமிரல."

"லோடோட ஒம்போது டன்" என்றார் அரங்கநாதன்.

சடையன் தலையாட்டினார். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் சாலம்மாளால் தாங்க முடியாமல் போனது.

"இல்லண்ணா. ஒம்போதாயிரத்து எண்ணூத்தி அறுவது. நான்தான் சார் அழிச்சிட்டேன், தெரியாம டிக் அடிச்சிட்டேன். எடையக் கண்ணால பாத்தேன்."

"மைக்கு வெச்சி ஊருக்கே சொல்லேன்" என்று பல்லைக் கடித்தார் அரங்கநாதன். "எழுந்திரு."

அவரே உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். ரெண்டு அழுத்தில் உள்ஜன்னல் சுருங்கி எங்கோ மறைந்தது. வெளியே ஹாரன் காதைப் பிளந்தது.

"எங்க போச்சு அது?"

"நீங்க எழுந்தா காட்டறேன் சார்."

எழுந்தார். கைச்சீட்டில் 9860 என்று அவள் எழுதி நீட்டியபோது, எண்ணைப் பார்க்காமலே கையெழுத்துக் கிறுக்கினார். சடையன் சீட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அரங்கநாதன் வாசலில் நின்று போனில் பேசினார். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் எவனாச்சும் இருந்தா அனுப்புய்யா. நாளைக்கே."

சாலம்மாள் காதில் விழத்தான் பேசினார். அவள் மவுஸை இழுத்துக்கொண்டு, "அடுத்த வண்டி ஏறு" என்றாள்.