தலை மாற்றிய உத்தரவு

1
இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான் தட்டச்சு செய்தது. 'மனுதாரருக்கு நிலையான முகவரி இல்லை. வெளியே விட்டால் தலைமறைவாகிவிடுவார்.' ஜாமீன் மறுத்த ஓர் உத்தரவின் நான்காவது பத்தி இது. நீதிமன்றத் தட்டச்சர் கதை எழுதினால் இந்த லட்சணத்தில்தான் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை ஓய்ந்த மாலையில் லிஃப்ட் மெக்கானிக்கை...' (அடித்துவிட்டேன். மழையே பெய்யவில்லை. காலை பதினோரு மணி, நல்ல வெயில்.) அவர் லிஃப்டைப் பழுது பார்க்கப் போன குடியிருப்பில், ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது. சங்கிலி கிடைக்கவில்லை, மெக்கானிக் கிடைத்தார். வழக்கு விசாரணை இன்னும் தொடங்கவேயில்லை. அவர்தான் அந்த மனுதாரர், ஏழு மாதமாகச் சிறையில் இருக்கிறார்.

3
அவருடைய அக்காவை அழுகிற பெண்ணாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நிஜத்தில் அவர் சண்டைக்காரி. உத்தரவின் நகலை என் மேசையில் விரித்து, விரலால் குத்தினார்.

"தம்பி, பன்னெண்டு வருஷமா ஒரே வீடு. வீட்டுக்காரரே ரெண்டு பேர் மாறிட்டாங்க, நாங்க மாறல. முகவரி இல்லேன்னு யாரு சொன்னது?"

"ஜட்ஜ் ஐயா போட்ட உத்தரவுங்க. உயர் நீதிமன்றத்துல மனு போடுங்க."

"போட்டாச்சு. அங்கயும் இந்தக் காகிதத்தத்தானே படிப்பாங்க? அவன் மக, அப்பா எப்ப வருவாருன்னு கேக்குறா. வெளியூர்ல வேலைன்னு எத்தன நாளு புளுகறது?"

முகவரி இல்லையென்று யார் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

4
(இந்தப் பகுதியை எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன்.) ஒரு நாளைக்கு நாற்பது ஜாமீன் மனுக்கள். முந்தைய உத்தரவை எடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றுவோம். எங்கள் அலுவலகத்தில் இதற்குத் 'தலை மாற்றுவது' என்று பெயர். முந்தைய மனுதாரர் ஊர் ஊராகப் போர்வை விற்பவர். முகவரி இல்லாதவர் அவர்தான். நான் தலையை மாற்றினேன், நான்காவது பத்தியை மறந்தேன். நீதிபதி படிக்காமல் கையெழுத்திட்டார்.*

* பழியை நீதிபதி மேல் போடப் பார்க்கிறேன் என்று தோன்றினால், சரியாகத்தான் தோன்றுகிறது.

5
எழுதிப் பார்த்த முடிவுகள். உயர் நீதிமன்றம் தவறைக் கண்டுபிடிக்கிறது. (என் ஆசை.) 'கீழ் நீதிமன்ற உத்தரவில் தலையிடக் காரணமில்லை.' (இந்த வரியைத் தூக்கத்தில்கூடத் தட்டச்சு செய்வேன்.) தட்டச்சர் உண்மையைச் சொல்லி, வேலையை இழந்து... (இங்கே கை நின்றுவிட்டது. வெட்கமாக இருக்கிறது.)

நான்கு முறை திருத்தி எழுதினேன். திருத்தத்துக்கு ஒரு வாரம். அந்த நான்கு வாரமும் மெக்கானிக் உள்ளேதான் இருந்தார்.

6
அக்காவின் வக்கீல் ஐயா, இந்தக் கதைக்கு வாசகர் நீங்கள் ஒருவர்தான். வாக்குமூலம் என்று தலைப்பிட்டால் கை ஓடவில்லை. கதை என்றதும் ஓடியது. இதோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். நடந்தது நடந்தபடி அதில் இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் பதவியும் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் விசாரணை திங்கட்கிழமை. அங்கே நடக்கப்போவதை நான் எழுதக் கூடாது. கதையைக் கிழித்துப் போட்டாலும் சரி, அந்தத் தாளை மட்டும் நீதிபதிகளிடம் கொடுத்துவிடுங்கள்.