பதினெட்டுக்கு யார் குரல்?

பெரிய டீச்சருக்கு முகம் மறக்கும், பேர் மறக்கும், வருகைப் பதிவேட்டு எண் மட்டும் மறக்காது. வங்கி வரிசையில் பின்னால் நிற்கும் தொப்பைக்காரரைத் திரும்பிப் பார்த்து, "நீ முப்பத்தொண்ணுதானே? இன்னும் நகம் கடிக்கறியா?" என்பார். அவரும் சட்டென்று கையை வாயிலிருந்து எடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் தலைமையாசிரியையாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நோய் வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியது. மற்ற ஆசிரியர்கள் பாடத்தைத் தங்கள் குரலில் பதிவு செய்து பிள்ளைகள் வீட்டுப் போனுக்கு அனுப்பிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்கள். கணக்கு சார் பதிவுக்கு நடுவில் அவர் வீட்டு மிக்சியும் பாடம் நடத்தியது. பெரிய டீச்சருக்கு இது போதவில்லை. "பாடம் போகுது, சரி. பிள்ளைங்க இருக்காங்களான்னு யார் பாக்கறது?" என்று கேட்டார்.

ஆகவே தினமும் காலையில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, காலிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து, தன் அறையைத் திறந்து, பத்தாம் வகுப்பை ஒரே அழைப்பில் கூப்பிட்டு, எண் எண்ணாக வருகை எடுத்தார். கட்டைவிரல் படம் போட்டால் செல்லாது, எழுதி அனுப்பினாலும் செல்லாது. வாயைத் திறந்து "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வேண்டும். வகுப்பில் பெரிய டீச்சரைக்கூட அப்படித்தான் அம்மா என்பது வழக்கம்.

"அவங்க உள்ளேதான் இருக்காங்க. ஊரே உள்ளேதான் இருக்கு. இதை நீ போய் வேற கேக்கணுமா?" என்றார் அவர் வீட்டுக்காரர்.

கேலி செய்தாலும், அவருக்கும் விஷயம் தெரியும். பள்ளிக்கூடம் சிறியது. இதை இழுத்து மூடிவிட்டு, பிள்ளைகளை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு அடிபட்டது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். பாதிப் பிள்ளைகள் போகமாட்டார்கள், பாதியிலேயே நின்றுவிடுவார்கள் என்று பெரிய டீச்சர் பயந்தார். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த வருகைப் பதிவு. தினமும் முழு வருகை. ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. குழுத் தலைவருக்கு அதைத் தினமும் செய்தியாக அனுப்பி வைத்தார்.

ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேசும்போது பெரிய டீச்சர் போனைப் பார்க்கமாட்டார், காதில் வைத்துக்கொள்வார். போன் என்றால் காதுக்கு என்பது அவர் கட்சி. திரையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கன்னத்துக்கு மட்டுமே தெரியும்.

குழுத் தலைவர் ஒருநாள் காலையில் நேரிலேயே வந்தார். அவரும் இங்கே படித்தவர்தான், எண் பதினேழு. ஊர் சுற்றப் போன பதினெட்டுக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு "உள்ளேன் அம்மா" சொல்லி, பெரிய டீச்சரிடமே மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க வகுப்பு வாசலில் நின்றவர். இப்போது காரில் வருகிறார், கையில் தோல்பை. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பள்ளி இணைப்புக்குத் தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டிய தாள்.

"முழு வருகைன்னு அனுப்பறீங்க. குழுவுல யாரும் நம்பலை டீச்சர். நான் ஒருதரம் என் காதால கேட்டுட்டா அங்க உங்களுக்காகப் பேசிடுவேன். ஸ்பீக்கர்ல போடுங்க."

"தாராளமா கேளுங்க," என்று போனை மேசைமேல் வைத்து, "பத்தாம் வகுப்பு, வருகை எடுக்கப்போறேன்," என்றார் பெரிய டீச்சர். குனிந்து பதிவேட்டைப் பிரித்தார். முகக்கவசத்தின் கயிற்றில் சிக்கி மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அதைத் தேடி மேசைக்கு அடியில் போனார்.

"உள்ளேன் அம்மா," என்றது போன்.

பெரிய டீச்சர் அடியிலேயே குனிந்தபடி நின்றுவிட்டார். இன்னும் ஒருவரையும் கூப்பிடவில்லையே?

"உள்ளேன் அம்மா." இது ஒரு பையன் குரல். "உள்ளேன் அம்மா." இது கீச்சுக்குரல். வரிசை தப்பாமல், நடுவில் அவர் எண் சொல்ல அளவாக இடம்விட்டு, ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது குரலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, "அந்த ஃபேனை நிறுத்துடா," என்றார். அந்த வீட்டில் மட்டும் தினமும் இதே நேரத்துக்கு ஏன் ஃபேனை நிறுத்துகிறார்கள் என்ற நெடுநாள் சந்தேகம் பெரிய டீச்சருக்கு மேசைக்கு அடியில் தீர்ந்தது.

கண்ணாடியோடு எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. தலைவர் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பில் இருந்தது ஒரே ஒரு போன்.

அது வகுப்புத் தலைவி போன். ஆசிரியர் அறையில் அவளுக்கு 'வால்' என்று பேர்.

"வாலு," என்றார் பெரிய டீச்சர். "நிறுத்து."

குரல்கள் நின்றன.

"யார் பண்ண வேலை?"

"நான்தான்மா. முதல் வாரம் எல்லாரும் வந்தாங்கல்ல, அப்ப பதிவு பண்ணேன்."

"எதுக்கு?"

"அதுக்கு அப்புறம் போன் எல்லாம் அப்பா அம்மாவோட வேலைக்குப் போயிடுதும்மா. காலையில யார் வீட்லயும் இல்ல. எங்க அப்பா மட்டும்தான் வீட்ல. வருகை குறைஞ்சா பள்ளிக்கூடத்தை மூடிடுவாங்கன்னு சொன்னாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஆனாலும் வால் வால்தான். "சாருங்க எல்லாம் பதிவு பண்ணி அனுப்பலாம், நாங்க அனுப்பக் கூடாதாம்மா?"

தலைவர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவது அந்த நோய்க் காலத்தில் ஆபத்தான காரியம், இருந்தாலும் இருமினார். பிறகு தாளைப் பெரிய டீச்சர் பக்கம் தள்ளினார். "நீங்களே பாத்துட்டீங்க."

பெரிய டீச்சருக்குக் கோபம் வந்தது. வால்மேல் இல்லை, தன்மேல். இத்தனை நாள் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாரே தவிர, எப்போது இருப்பார்கள் என்று கேட்கவில்லை.

"இன்னைக்கு சாயங்காலம் வாங்க," என்றார். "வருகை எடுக்கறேன். ஒரு குரல் குறைஞ்சாலும் நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறேன்."

அன்று பகல் முழுக்க அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போன் எங்கே வேலைக்குப் போயிருக்கிறதோ அங்கேயே கூப்பிட்டார். மருந்துக்கடைக்காரரிடம், பேருந்து ஓட்டுநரிடம், பால் வண்டிக்காரரிடம் எல்லாம் ஒரே பேச்சு: "இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் போனை முதல்ல பிள்ளை கையில குடுங்க." பதினெட்டின் அம்மா மட்டும் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, வாரக்கணக்கில் அங்கேயே தங்கல். "பாக்கறேன் டீச்சர். பக்கத்து வீட்ல யாராவது போனைக் கடன் குடுத்தா பிள்ளையைப் பேசச் சொல்றேன்," என்றார். பின்னால் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் தலைவர் வந்து எதிரே உட்கார்ந்தார். தாள் நடுவில் இருந்தது. பெரிய டீச்சர் வாழ்க்கையில் முதல்தடவையாகப் போனைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு," என்றார்.

"உள்ளேன் அம்மா."

இந்தமுறை இடைவெளி அளவாக இல்லை. மூன்றுக்குப் பின்னால் குழந்தை அழுதது. ஐந்து சாப்பிட்டுக்கொண்டே உள்ளேன் என்றான். ஒன்பது வீட்டில் ஃபேன் ஓடியது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பன்னிரண்டு, "அம்மா, இப்பதான் அப்பா வந்தார், மூச்சு வாங்குது," என்றாள், அப்பாவுக்கா தனக்கா என்று சொல்லாமல். சந்தைக்கடை மாதிரி இருந்தது. பெரிய டீச்சர் ஒருவரையும் அதட்டவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதாகச் சொல்லி இரண்டு முறை துடைத்தார்.

"பதினேழு."

"உள்ளேன் அம்மா."

"பதினெட்டு."

பதில் இல்லை.

"பதினெட்டு?"

பதினெட்டின் அம்மா எங்கே இருக்கிறார் என்று வகுப்புக்கே தெரியும். பெரிய டீச்சரின் பேனா அந்தக் கட்டத்துக்குமேல் நின்றது.

"உள்ளேன் அம்மா," என்று ஒரு குரல் வந்தது. தடித்த குரல், மூக்கை அழுத்திப் பிடித்த குரல்.

"அம்மா, சத்தியமா இது எங்க பதிவு இல்ல," என்றாள் வால் பதறிப்போய்.

பெரிய டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே தலைவர் முகக்கவசத்துக்கு மேலாக மூக்கைப் பிடித்தபடி, எங்கோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுகையால் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார் பெரிய டீச்சர். "இது பழைய பதிவு."

பதினெட்டுக்கு எதிரே 'வரவில்லை' என்றே போட்டார். பொய் வருகை அவர் கையால் விழாது. பிறகு தலைவரைப் பார்த்து, "எழுந்து வாசல்ல நில்லு. போற வழியில அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்துட்டுப் போகலாம், நானும் வரேன்," என்றார்.

தலைவர் எழுந்து வாசலில் போய் நின்றார்.

"பத்தொன்பது," என்றார் பெரிய டீச்சர்.