கடைசிப் பூச்சி

முப்பத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. பெல்ட்டில் ஓடிவரும் சாமான்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி மூலையில் வீச வேண்டும். அப்படிப்பட்ட மனுஷன் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் எதைப் பொறுக்குவார்? பெண்டாட்டியைத்தான். சட்டைப்பையில் எந்நேரமும் பூதக்கண்ணாடி வைத்திருந்ததால் தெருவில் அவருக்கு லென்ஸ் என்றே பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது, பெருமை வேறு!

மொட்டைமாடியில் பச்சை வலைக்குக் கீழே அவருடைய ராஜ்ஜியம். ஒரு பெரிய தொட்டி நிறைய ஜிலேபி மீன். மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றி, ஜல்லி நிரப்பிய நான்கு தட்டுகளில் ஊற்றும். மண் என்பதே கிடையாது. ஜல்லிக்குள் வேர்விட்ட தக்காளி, கத்தரி, குடைமிளகாய், கீரை எல்லாம் அந்தக் கழிவைத் தின்றே வளரும். தெளிந்த தண்ணீர் மறுபடி மீனுக்கு இறங்கும். மொத்தம் அறுபத்து நாலு செடி. ராஜ்ஜியம்தான் அவருடையது, வேலை பெண்டாட்டியுடையது. தீனி போடுவது, வடிகட்டி கழுவுவது, பழுத்த இலை கிள்ளுவது எல்லாம் அவள். கழுத்து வலிக்குப் பட்டை மாட்டிய லென்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை அண்ணி போன் பண்ணினாள்.

"ஏம்மா, அத்தைக்கு ரொம்ப முடியல. ஒரு வாரம் தாங்கினா பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டார். கதவுச் சத்தம் கேட்டாலே 'வந்துட்டாளா'ன்னு உன்னைத்தான் கேக்குறாங்க. சட்டுனு கிளம்பி வா."

பஸ்ஸில் மூன்று மணி நேரம், அவ்வளவுதான். இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு அவள் வெளியே வந்தால், மாடியிலிருந்து குரல்.

"போறது இருக்கட்டும். மொதல்ல இதை வந்து பாரு."

முதல் வரிசையில் தக்காளி இலை சுருண்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் குண்டூசித் தலை அளவில் பச்சைப் பச்சையாக, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி.

"மருந்து அடிச்சிரலாங்க..."

"அடி, அடி! ஒரு சொட்டு கீழ இறங்கினா அத்தனை மீனும் மல்லாந்துடும். சோப்புத் தண்ணியும் கூடாது. கையாலதான் தொடைக்கணும். கடைசிப் பூச்சி போனதும் தாராளமா போயிட்டு வா."

"அம்மாவை ஒரு எட்டு பாத்துட்டு ஓடி வந்துடறேங்க. வந்து தொடைக்கிறேன்."

"போனா அங்கேயே இருந்துக்க."

அண்ணன் வீட்டில் இருப்பது இரண்டே அறை; ஒன்றில் அம்மாவின் கட்டில், இன்னொன்றில் அண்ணன் குடும்பமே நெருக்கியடித்துப் படுக்கும். இவள் போய் எங்கே காலை நீட்டிப் படுப்பாள்? அது லென்ஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார், பாவி.

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒரு பெயிண்ட் பிரஷ், ஈரத்துணி, கிண்ணம். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, கிழியாமல் தடவி எடுத்தாள். இடுப்பு விட்டுப்போனது. சாயங்காலம் லென்ஸ் ஒவ்வொரு செடியாகக் கண்ணாடி வைத்துப் பார்த்து, "சரி, சுத்தம்" என்றார். நாளைக்கு அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விடிந்ததும் மாடியிலிருந்து அதே குரல். "இங்க பாரு, உன் லட்சணத்தை!"

மறுபடியும் பூச்சி. மறுபடியும் பிரஷ். செவ்வாய், புதன், வியாழன். தினமும் சாயங்காலம் சுத்தம், தினமும் காலையில் பூச்சி. அண்ணி இரண்டு தடவை கூப்பிட்டாள். "இன்னைக்குக் கஞ்சி எறங்கல. கதவையே பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. அப்படி என்னதான் வேலை உனக்கு?" என்ன சொல்வாள்? செடிக்குப் பூச்சி என்று சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா? "கிளம்பிக்கிட்டே இருக்கேன் அண்ணி" என்றாள்.

ஜல்லி மேல் அவ்வப்போது அவரை இலைத் துணுக்கு கிடந்தது. மாடியில் அவரையே கிடையாது. காற்றில் வந்திருக்கும் என்று கிள்ளி எறிந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லென்ஸ் "சுத்தம்" என்ற நேரத்தில் போன் அடித்தது. அம்மா போய்விட்டாள்.

லென்ஸ் சாவுக்கு வந்து ஒரு மணி நேரம் நின்றார். மீனுக்குத் தீனி வைக்க வேண்டுமாம், உடனே திரும்பிவிட்டார். இவள் பத்து நாள் இருந்தாள். கிளம்பும்போது அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை ரூம் இனிமே சும்மாதான் கெடக்கும். எப்ப வேணும்னாலும் வா" என்றாள். கடைசி நாள்களில் அம்மா எத்தனை தடவை கேட்டாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். இலையெல்லாம் பளபளவென்று நிமிர்ந்து நின்றது. ஒன்று விடாமல் திருப்பிப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு பூச்சி இல்லை.

"யாருங்க தொடைச்சது?"

"யாரும் தொடைக்கல. தானா போயிடுச்சு" என்றார் லென்ஸ், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

மறுநாள் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். தன் அறைக்குள் யாரும் நுழையக் கூடாது என்பது அவர் சட்டம். தானாகப் போன பூச்சியும் அந்த அவரைத் துணுக்கும் மனசை உறுத்த, அவள் நுழைந்தாள். ஜன்னல் மேடையில் ஒரு தண்ணீர் பாட்டில்; அதில் பக்கத்து வீட்டுப் பந்தலில் ஒடித்த அவரைக் கொடி; மேலே மெல்லிய துணி மூடி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. துணியை விலக்கினால் தண்டு தெரியாமல் மொய்த்துக் கிடந்தது அசுவினி. பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

வளர்த்திருக்கிறார், ராத்திரியில் நறுக்கிக் கொண்டுபோய்ச் செடியில் விட்டிருக்கிறார்! எதற்கு? இவள் போய்விட்டால் சோறு பொங்கிப் போட ஆளில்லை. இரண்டு நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் நாலு நாளைக்கு வைத்திருப்பாள். அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அம்மா கதவைப் பார்த்துக்கொண்டே செத்தது இதற்குத்தான் என்று தெரிந்தபோது, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவள் அவரை வெறுத்தாள். முழுசாக, மிச்சம் வைக்காமல்.

பாட்டிலோடு மாடிக்குப் போனாள். நிழலைக் கண்டதும் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்தன. அதுகள் என்ன பாவம் செய்தன? ஒரு கை தீனி போட்டாள். பிறகு கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, அறுபத்து நாலு செடியிலும் ஆளுக்கொன்றாகச் செருகினாள்.

லென்ஸ் திரும்பியபோது அவள் வாசலில் பையோடு நின்றாள். பக்கத்தில், வாசல் நாற்காலியில் அந்தப் பாட்டில் வெறுமனே இருந்தது. பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"எ... எங்க கிளம்பிட்ட?"

"அம்மா ரூமுக்கு. பிரஷ்ஷும் துணியும் மாடியில இருக்கு. மருந்து மட்டும் அடிச்சிராதீங்க, மீன் செத்துடும்."

"எனக்குக் கழுத்து வளையாதுன்னு உனக்கே தெரியும். நீ எப்ப வருவ?"

"கடைசிப் பூச்சி போனதும் சொல்லி அனுப்புங்க, தாராளமா வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.